காத்திருந்தவள் கேட்ட மழை

சென்னையில் பெய்யும் மழையை நம் இலக்கணப்படி கார் என்று சொல்ல முடியாது. ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்பது உரையாசிரியர்கள் வகுத்துத் தந்த கணக்கு. இந்த நகரம் ஓராண்டில் பெறும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபரில் தொடங்கி டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆகவே மேற்கு மாம்பலத்தில் முழங்கால் தண்ணீரில் நான் வீடு வந்து சேரும் பருவத்துக்குப் பெயர் கூதிர். கூதிரை இலக்கணம் குறிஞ்சிக்குக் கொடுத்திருக்கிறது, காரை முல்லைக்கு. குறிஞ்சிக்கு உரிப்பொருள் கூடல், முல்லைக்கு இருத்தல். இந்தக் கணக்கை நம்பினால் சென்னைப் பெண்களுக்கு மழைக்காலம் காத்திருக்கும் காலமே அல்ல. ஆனால் கணக்கு ஒன்றாகவும் வாசிப்பு வேறாகவும் இருக்கிறது. தமிழில் மழை என்றவுடன் நம் மனம் முல்லைக்குப் போகிறது, அங்கே ஒரு பெண்ணை மாடத்தில் உட்கார வைக்கிறது, அவளை அங்கேயே விட்டுவிட்டு மழையில் வரும் தேரைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறது.

பதினைந்து ஆண்டுகளாக முல்லைப்பாட்டை வகுப்பில் நடத்துகிறேன். பாடத்திட்டம் எத்தனை முறை மாறினாலும் கேள்வி மாறுவதில்லை: தலைவியின் ஆற்றியிருத்தலை விளக்குக. பெண்பிள்ளைகள் இந்தக் கேள்விக்கு மிக நன்றாக எழுதுவார்கள். வளை நெகிழ்வது, பெருமூச்சு விடுவது, அம்பு பட்ட மயில்போல் நடுங்குவது, தலைவன் சொல்லைக் காப்பதற்காகத் துயரை அடக்குவது. எல்லாம் பாட்டில் இருப்பவைதாம். ஆனால் அதே இடத்தில் அவள் செய்யும் இன்னொரு காரியமும் இருக்கிறது. அதை ஒரு விடைத்தாளிலும் நான் பார்த்ததில்லை. நான் படித்த உரைகளிலும் அது போகிற போக்கில் பொருள் சொல்லப்பட்டுக் கடந்துபோகிறது.

எழுநிலை மாடத்தில் பாவை விளக்கு எரிகிறது. கூரையின் மூலைகளிலிருந்து மழைநீர் அருவிபோல இறங்குகிறது. தலைவி படுத்தபடி அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதை இனியது என்றும் பலவானது என்றும் நப்பூதனார் சொல்கிறார். ஓர் இரைச்சல் இல்லை, பல ஒலிகள். ஒவ்வொரு மூலையிலும் நீர் விழும் உயரம் வேறு, விழும் இடம் வேறு, ஆகவே ஓசை வேறு. அவள் செயலுக்கு அவர் ஆளும் வினை ஓர்தல். காதில் விழுவதற்கும் ஓர்வதற்கும் தமிழில் நெடுந்தூரம். ஓர்தல் என்றால் கூர்ந்து பிரித்தறிவது. கணவன் போர்முனையில் இருக்கும்போது, கண்ணீரும் வளைநெகிழ்வும் நடந்துகொண்டிருக்கும்போதே, ஒரு பெண் கூரைநீர் விழும் ஓசைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். அதற்குப் பிறகுதான் குதிரைகள் வருகின்றன.

இதைத் துயரத்தின் இன்னொரு வடிவம் என்று வாசிக்கலாம். அப்படித்தான் வாசிக்கப் பழகியிருக்கிறோம். இனிய ஒலியும் அவளுக்கு இன்னாதாயிற்று என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் பாட்டில் இனிமை மாற்றுக் குறையாமல் நிற்கிறது. அந்த ஒலி அவளைச் சுட்டது என்று கவிஞர் எழுதவில்லை. காத்திருப்பதும் கேட்டு மகிழ்வதும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் நடக்கும் என்று ஒப்புக்கொள்வதில் நமக்கு என்ன சிக்கல்? கற்புக்கும் மகிழ்ச்சிக்கும் இடையில் ஒரு பத்தியக் கட்டுப்பாடு இருப்பதாக நினைக்கிறோமோ என்னவோ. அவன் இல்லாத வீட்டில் அவளுக்கு எதுவும் இனிக்கக் கூடாது.

103 அடிகள் கொண்ட இந்தப் பாட்டில் ஏறத்தாழப் பாதி, அரசனின் பாசறைக்குப் போய்விடுகிறது. அதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். நச்சினார்க்கினியர் அடிகளை முன்னும் பின்னுமாக மாட்டிப் பொருள் கொண்டதையும், 1903இல் மறைமலையடிகள் அதை மறுத்து ஆராய்ச்சியுரை எழுதியதையும் பற்றிப் பேசியிருக்கிறோம். எந்த அடி எங்கே இருக்க வேண்டும் என்பதில் நூற்றாண்டுக் கணக்கான அக்கறை. மூலையில் சொட்டும் நீருக்கு அதில் ஒரு பங்கு கிடைத்திருக்கலாம்.

பாட்டின் தொடக்கத்தில் நடப்பதும் கவனிக்கத்தக்கது. பெருமழை பெய்து ஓய்ந்த மாலையில் முதிய பெண்கள் சிலர் காவல் மிகுந்த ஊரைக் கடந்து ஊர்ப்புறத்துக்குப் போகிறார்கள். நெல்லும் முல்லைப்பூவும் தூவி, விரிச்சி கேட்க நிற்கிறார்கள். அந்நேரத்தில் இடைக்குலத்து இளம்பெண் ஒருத்தி, குளிரில் நடுங்கும் தோள்களில் கைகளைக் கட்டிக்கொண்டு, தாயைத் தேடித் தவிக்கும் கன்றுகளிடம் உங்கள் அம்மாக்கள் இப்போது வந்துவிடுவார்கள் என்று சொல்கிறாள். முதுபெண்டிர் அதை நற்சொல்லாக எடுத்துக்கொண்டு அரண்மனைக்குத் திரும்புகிறார்கள். மழை ஓய்ந்த மாலையில் மூன்று வகைப் பெண்கள்: உள்ளே படுத்திருப்பவள், சடங்கின் பெயரால் வெளியே போக முடிந்த வயதானவர்கள், வேலையின் பெயரால் வெளியே நிற்பவள். காரணமே இல்லாமல் வெளியே நிற்பவள் யாருமில்லை. குளிரில் நின்றவளின் வார்த்தை மேல்மாடத்துக்கு ஆறுதலாகப் போய்ச் சேர்ந்தது. அவளுக்கு ஒரு போர்வை போய்ச் சேர்ந்ததா என்று பாட்டில் இல்லை.

கூதிருக்கு உரிய பாட்டு நெடுநல்வாடை. நக்கீரரின் இந்த 188 அடிகளைப் படிக்கும்போது எனக்கு என் தெரு நினைவுக்கு வருவது, இரண்டும் ஒரே பருவத்தில் நடப்பதால் மட்டுமில்லை. நக்கீரர் ஆற்றைப் போல அகன்று நீண்ட தெரு என்கிறார். எங்கள் தெரு அகலம் குறைவு, நவம்பரில் ஆறுதான்.

அந்தத் தெருவில் முறுக்கேறிய உடம்புள்ள ஆண்கள் திரிகிறார்கள். கள் குடித்திருக்கிறார்கள். தூறல் மேலே விழுவதைப் பொருட்படுத்தவில்லை. பகல் முடிந்துவிட்டதையும் பொருட்படுத்தவில்லை. துணியின் முனைகள் இருபுறமும் தொங்க, விரும்பிய இடத்துக்கெல்லாம் போகிறார்கள். அடுத்த சில அடிகளில் கவிஞர் வீட்டுக்குள் வருகிறார். பெண்கள் பூந்தட்டில் பிச்சி அரும்புகளை வைத்திருக்கிறார்கள். வானம் மூடிக் கிடப்பதால் பொழுது தெரியவில்லை. அரும்பு அவிழ்ந்து மணம் வந்ததும் மாலை வந்துவிட்டது என்று அறிந்து, இரும்பு விளக்கில் திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகிறார்கள்.

இந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்ததற்காக நக்கீரருக்குக் கடன்பட்டிருக்கிறேன். அவர் பெண்ணுக்காக வழக்காட வந்தவரில்லை. பார்த்ததைப் பார்த்தபடி வைத்தார். பொழுது போனது ஆண்களுக்குப் பொருட்டில்லை. பெண்களுக்கோ பொழுதை அறிவதே வேலை. விளக்கு ஏற்றத் தவறக் கூடாது. ஆனால் அந்த வேலைக்காக அவர்கள் கண்டுபிடித்த கருவி எவ்வளவு மென்மையானது! சூரியன் இல்லாத நாளில் பூவின் மணத்தைக் கடிகாரமாக வைத்துக்கொண்டார்கள். இதில் கடமை எங்கே முடிகிறது, சுகம் எங்கே தொடங்குகிறது? தட்டில் அரும்பை வைத்துவிட்டு மணத்துக்காக மூக்கைத் தீட்டிக்கொண்டு இருப்பவளுக்கு அந்த நேரம் முழுவதுமே ஒரு சின்னக் கொண்டாட்டமாக இருந்திருக்க முடியும். உரைகள் இதை மங்கல வழக்கம் என்று குறிக்கின்றன. மங்கலம் என்ற சொல் பெண்களின் நுகர்ச்சியை மூடிவைப்பதற்கு நல்ல மூடி.

அதே பாட்டில் காவலுள்ள பெரிய வீட்டில் சிறு ஏவலர்கள் மணப்பொருள்களை அம்மியில் அரைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் குளிரில் அரைப்பவர்களின் கை விறைத்திருக்கும். வீட்டுப்புறா இரவு எது பகல் எது என்று தெரியாமல் திகைத்து, இரைதேடப் போகாமல், கொடுங்கையிலேயே கால்மாற்றிக் கால்மாற்றி நிற்கிறது. இன்று எங்கள் எதிர்வீட்டு ஏசி யூனிட் மேல் அந்தப் புறாவைப் பார்க்கலாம். கால்மாற்றுவது அப்படியே இருக்கிறது.

பெண் எழுதிய மழைக்கு வருகிறேன். ஒக்கூர் மாசாத்தியாரின் பெயரில் குறுந்தொகையில் ஐந்து பாடல்கள் உள்ளன. பொருள் தேடிப் போனவன் திரும்பவில்லை, கார் வந்துவிட்டது என்பதுதான் சிலவற்றின் செய்தி. ஆனால் அவர் பார்வை நிற்கும் இடங்களைப் பாருங்கள். ஒரு பாட்டில் முல்லை அரும்புகளைப் பல்லாகக் கொண்டு கார்காலமே அவளைப் பார்த்துச் சிரிக்கிறது. இன்னொன்றில் முல்லையின் பசிய மொட்டு காட்டுப்பூனை சிரித்தாற்போல இருக்கிறது. மூன்றாவது ஒன்றில் மாலைநேரத்து வேலியோரம் காட்டுப்பூனைகள் வந்துவிட, பெட்டைக்கோழி பதறிக் குஞ்சுகளைக் கூப்பிடுகிறது. ஐந்து பாட்டில் இரண்டில் பூனை! வேலியோரத்தில் மாலையில் பூனையை வெகுநேரம் பார்த்த ஒருவரால்தான் மொட்டில் பூனையின் பல்லைப் பார்க்க முடியும். அந்தப் பார்வைக்கு ஓய்வு வேண்டும், வேடிக்கை பார்க்கும் புத்தி வேண்டும், கொஞ்சம் குறும்பும் வேண்டும். தலைவி ஏங்குகிறாள் என்றே வைத்துக்கொள்வோம். கவிஞர் ஏங்கிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் கவிதைத் தொகுப்பு ஒன்றுக்கு வந்த மதிப்புரையில், இந்தக் கவிதைகளின் மழை பால்கனியைத் தாண்டி வெளியே போகவில்லை என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. மழையின் பிரம்மாண்டம் இல்லை, சின்னச் சின்ன ரசனைகள் மட்டும் உள்ளன என்று தொடர்ந்தது. எழுதியவர் மோசமான வாசகரில்லை. தமிழ் விமர்சனத்தில் சின்ன என்ற அடைமொழி யாருடைய எழுத்தின்மேல் அதிகம் விழுகிறது என்பதை அவர் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். ஆண்கவி ஒருவர் சொட்டும் குழாயைப் பற்றி எழுதினால் அது தத்துவம். நாங்கள் எழுதினால் குழாய் ரிப்பேர்.

பாரதியின் இரண்டு மழைக் கவிதைகளை எடுத்துக்கொள்ளலாம். ‘மழை’ என்ற பாட்டில் திசைகள் சிதற, மலைகள் உடைய, தாளச் சொற்களோடு பாடுபவன் காலத்தின் கூத்தைக் கண்ணெதிரே காண்கிறான். பிரம்மாண்டம் என்றால் இதுதான். ‘புயற்காற்று’ வேறு மாதிரி. 1916 நவம்பரில் புதுச்சேரியைத் தாக்கிய புயல் இரவில் ஒரு மனைவியும் கணவனும் பேசிக்கொள்கிறார்கள். காற்று அடிப்பதையும் கடல் குமுறுவதையும் சொல்லி அவனை எழுப்புவது அவள். கதவையும் ஜன்னலையும் துளைத்துத் தூறல் படுக்கைவரை வந்துவிட்டது என்று பார்த்துச் சொல்வதும் அவள். கணவன் பராசக்தியை வேண்டுகிறான். நேற்றுவரை அந்த வீட்டில் இருந்தோமே, இந்நேரம் அங்கே இருந்திருந்தால் என்ன ஆகியிருப்போம் என்று மறுபடி வீட்டுக்குப் பேச்சைக் கொண்டுவருபவளும் அவளே. மழை எந்த வழியாக உள்ளே வந்தது, எதுவரை வந்தது என்பது பிரம்மாண்டத்தைக் காட்டிலும் குறைந்த செய்தியா? ‘மழை’யை மேடையில் பாடுகிறோம். ‘புயற்காற்’றில் இருப்பது மழையைப் பற்றிய தகவல், அது பெண்ணின் வாயில் இருக்கிறது.

மழையும் பெண்ணும் என்றால் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வர வேண்டியது துணி. நான்கு நாள் வெயில் இல்லையென்றால் வீடு முழுவதும் கொடி கட்டியாக வேண்டும். மின்விசிறிக்குக் கீழே பள்ளிச் சீருடை, கதவின் மேல் வேட்டி, நாற்காலியின் முதுகில் துண்டு. உள்ளாடைகளுக்கு அந்த இடமும் கிடையாது. அவை துண்டுக்கு அடியில் ஒளிந்து காய வேண்டும், அதாவது காயாமலே இருக்க வேண்டும். ஈரத்தோடு இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வேலைக்குப் போகிற பெண்கள் இந்த நகரத்தில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யில் ஜன்னலுக்கு வெளியே தெரியக்கூடிய மலையை உலரும் துணிகள் மறைத்துக்கொண்டிருக்கும். அந்தக் கதையில் பெரிய வசனங்களைவிட எனக்கு அந்தத் துணிகள்தாம் முக்கியம். இயற்கைக்கும் பெண்ணுக்கும் நடுவில் நிற்பது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய சட்டை.

அடுத்தது பஜ்ஜி. மழைக்கு இதமாக என்று தொடங்கும் வாக்கியத்தை முடிப்பதற்கு ஒருவர் வாழைக்காயைச் சீவ வேண்டும், கடலைமாவைக் கரைக்க வேண்டும், எண்ணெய்ச் சட்டியின் முன் அரைமணி நேரம் நிற்க வேண்டும். ஜன்னலோரம், ஆவி பறக்கும் தேநீர், பின்னணியில் இளையராஜா என்று மழைக்காலத்தில் வார இதழ்களில் வரும் குறிப்புகளை நானும் விரும்பித்தான் படிக்கிறேன். அவற்றில் தேநீர் எப்போதும் செயப்பாட்டு வினையில் வருகிறது. போடப்பட்டிருக்கிறது, வைக்கப்பட்டிருக்கிறது. எழுவாயைக் காணோம்.

இத்தனைக்கும் நடுவில் இந்தப் பேட்டையின் மழைக்காலத்தில் பெண்கள் தங்களுக்கென்று எடுத்துக்கொள்பவை இருக்கின்றன. கேட்டும் பார்த்தும் சில ஆண்டுகளாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பகுதியில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை உண்டு. ஏரி இல்லை. 1920களில் பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் தியாகராய நகர் எழுந்தது. சாலையின் பெயர் மட்டும் இன்னும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஐப்பசி அடைமழையில் ஏரி தன் இடத்தைத் தேடி வருகிறது. துரைசாமி சப்வேயும் அரங்கநாதன் சப்வேயும் நிரம்பினால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துண்டாகிவிடும். அதற்கு முந்தைய நாட்களில், தூறல் மட்டும் இருக்கும்போது, மரமல்லி உதிரத் தொடங்கும். நீண்ட காம்புள்ள வெள்ளைப் பூ. இரவில் மலர்ந்து விடிவதற்குள் தரையில் கிடக்கும். தெருப் பெருக்கும் பெண்கள் வருவதற்கு முன் அதைப் பார்ப்பவர்கள் இருவகை: நடைப்பயிற்சிக்குப் போகும் ஆண்கள், பால் பாக்கெட் எடுக்க வாசலுக்கு வரும் பெண்கள். பெருக்குபவர்களும் அதை முதலில் பார்க்கிறார்கள்தாம். அவர்களுக்கு அது நனைந்து ஒட்டிக்கொண்ட குப்பை, விளக்குமாற்றுக்கு எளிதில் வராது. அவர்களில் ஒருவர் நாலு பூவைக் கூந்தலில் செருகிக்கொண்டு மிச்சத்தைப் பெருக்கிப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் பூக்காரர்கள் கூடையின் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி உட்கார்ந்திருப்பார்கள். குளிர் ஏற ஏற மல்லி அரிதாகி விலை ஏறிவிடும். ஜாதிமல்லி வரும், அப்புறம் டிசம்பர் பூ. ஊதா நிறத்தில், மணமே இல்லாமல், நெருக்கிக் கட்டப்பட்டு. நக்கீரரின் பெண்கள் தட்டில் வைத்த பிச்சிதான் சென்னையில் நாம் ஜாதிமல்லி என்று வாங்குவது. ஐந்து மணிக்கு அரும்பாக ஒரு முழம் வாங்கி வைத்துக்கொண்டால், பேருந்தில் நெரிசலில் நிற்கையில் எப்போதோ அது அவிழ்ந்துவிடும். முன்னால் நிற்பவளின் தலையிலிருந்து மணம் வரும். மணி ஏழாகிவிட்டது என்று தெரியும். விளக்கேற்ற வீட்டில் ஆள் இல்லை. அது ஒன்றும் குற்றமாகத் தோன்றாத வயதுக்கு வந்துவிட்டேன்.

பேருந்தைச் சொன்னால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021இல் நகர சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது. அதன் பொருளாதாரப் பயன்களைப் பற்றிப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். கணக்கில் வராத ஒன்றும் நடந்திருக்கிறது. மழைநாளில் ஜன்னல் சீட் கிடைத்துவிட்டால் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பி வருகிற பெண்கள் இருக்கிறார்கள். என்னிடம் இதைச் சொன்னவர் ஜவுளிக்கடையில் நாள் முழுவதும் நின்று வேலை பார்ப்பவர். உட்காரத்தான் போனேன், மழையும் பெஞ்சுது, போய்ட்டு வந்துட்டேன் என்றார். விரும்பிய இடத்துக்கெல்லாம் திரிந்த நெடுநல்வாடை ஆண்களுக்குக் கிடைத்தது இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து இவருக்கு ஒரு மணிநேரம் கிடைத்திருக்கிறது, கள் இல்லாமல்.

ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ராணடே மூவரும் மும்பையை முன்வைத்து 2011இல் எழுதிய ‘வை லாய்ட்டர்?’ நூலின் வாதம் இங்கே பொருந்துகிறது. பொது இடத்தில் இருக்கப் பெண்ணுக்கு எப்போதும் ஒரு காரணம் தேவைப்படுகிறது. காரணமில்லாமல் திரியும் உரிமைதான் உண்மையான உரிமை என்கிறார்கள். முல்லைப்பாட்டின் முதுபெண்டிருக்கு விரிச்சி காரணம். திருப்பாவைப் பெண்களுக்கு நோன்பு. நமக்குக் கொத்தமல்லிக் கட்டு, ரீசார்ஜ், டியூஷன் முடிந்த பிள்ளை. மழை இதில் விசித்திரமான ஒரு சலுகை தருகிறது: அதுவே காரணமாகிவிடுகிறது. டீக்கடையின் படுதாவுக்குக் கீழே ஆண்கள் டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள். நான் ஒதுங்கி நிற்கிறேன். ஒதுங்கி நிற்பவளை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மழை விடட்டும் என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் தெருவைப் பார்க்கலாம், ஒரு டீயும் வாங்கலாம். மழை விட்ட பிறகும் நிற்க முடியுமா என்பதுதான் கேள்வி. முயன்றிருக்கிறேன், ஐந்து நிமிடத்தில் எல்லோரும் நம்மைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

‘மௌன ராக’த்தில் (1986) திவ்யா தோழிகளோடு மழையில் ஆடுவதைச் சினிமாவின் வழக்கமான நனைந்த நாயகியாகவே நம்மில் பலர் நினைவு வைத்திருக்கிறோம். அன்று அவளைப் பெண்பார்க்க வருகிறார்கள். வந்தவர்கள் காத்திருந்து அலுத்துப் போய்விடட்டும் என்பதற்காகத்தான் அவள் வீட்டுக்குப் போகாமல் நனைந்துகொண்டிருக்கிறாள். கார்காலத்தில் காத்திருக்கும் வேலையை ஆணுக்குக் கொடுத்துப் பார்த்த காட்சி அது. திட்டம் பலிக்கவில்லை, அவர்கள் காத்திருந்துவிட்டார்கள். ஆனால் அந்த நேரம் அவளுடையது, அதை யாரும் திரும்ப வாங்க முடியாது.

இப்படி எழுதிக்கொண்டு போகும்போதே ஒரு தடை எழுகிறது. 2015 டிசம்பர் 1க்குப் பிறகு, 2023இல் மிக்ஜாமுக்குப் பிறகு, இந்த நகரத்தில் மழையின் இன்பம் என்று பேசுவதற்கு ஒரு கூச்சம் தேவை. அடையாற்றின் கரையில் வீடு இழந்தவர்கள் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்டார்கள். அங்கிருந்து வீட்டுவேலைக்குத் திரும்பி வரும் பெண்களுக்குப் பயணமே இரண்டு மடங்கானது. கூரைநீர் விழும் ஓசையை ரசிக்க முதலில் கூரை வேண்டும். நப்பூதனார் தலைவியை ஏழாவது மாடத்தில் வைத்தார். வெள்ளம் ஏழாவது மாடத்துக்கு வராது.

எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் அக்காவிடம் மழைக்காலத்தில் உங்களுக்குப் பிடித்தது என்ன என்று ஒருநாள் கேட்டேன். இந்தக் கட்டுரைக்காகக் கேட்கிறேன் என்றும் சொன்னேன். அவர் சிரித்தார். “சப்வே மூடுற அன்னிக்குத்தாம்மா. ஃபோனைப் போட்டு, இடுப்பளவு தண்ணி, வர முடியாதுன்னு சொல்லிட்டு மறுபடி படுத்துடுவேன். தகரத்து மேல மழை கொட்டும் பாரு, அந்த சத்தத்துல தூங்குற தூக்கம் இருக்கே!” சற்று நிறுத்தி, “அன்னிக்கெல்லாம் தண்ணி கணுக்கால் வரைக்கும் கூட இருக்காது” என்றார். பிறகு, “அதுக்குன்னு சம்பளத்துல புடிச்சிடாதம்மா.” பிடிப்பதில்லை. வேறு இரண்டு வீடுகளில் பிடிப்பார்கள் என்றும் சொன்னார். தகரக் கூரையில் மழை ஒரே இரைச்சல்தானே, தூக்கம் எப்படி வரும் என்று கேட்டேன். ஓட்டை இருக்கும் இடத்தில் அலுமினியப் பாத்திரம், அதற்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் வாளி. பாத்திரம் நிரம்ப நிரம்பச் சத்தம் மாறும், மாறினால் எழுந்து கொட்ட வேண்டும், தூக்கத்திலேயே தெரிந்துவிடும் என்றார்.

ஓர்தல் என்ற வினைக்கு எனக்கு இதைவிட நல்ல உரை கிடைக்கவில்லை.

இந்தப் பருவத்தில் உள்தேர்வு வினாத்தாள் அமைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஆற்றியிருத்தலை எடுத்துவிட்டு, முல்லைப்பாட்டில் தலைவி கேட்கும் ஒலிகள் எவை, நீங்கள் கேட்ட மழையோடு ஒப்பிட்டு எழுதுக என்று போட்டேன். துறையில் ஒரு மூத்த பேராசிரியர், இது இலக்கியக் கேள்வியா என்று முகத்தைச் சுளித்தார். பிள்ளைகளில் பாதிப்பேர் வழக்கமான வளையையும் பெருமூச்சையும் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவி, தலைவி நீர் விழும் ஓசையையும் பிறகு குதிரைகளின் கனைப்பையும் கேட்கிறாள் என்று இரண்டு வரியில் முடித்துவிட்டுத் தன் பட்டியலைத் தொடங்கியிருந்தாள். ஆறு மணிக்குப் பூட்டிவிடும் வெளிக்கதவில் மழை படும் சத்தம். சமையற்கூடத்தின் ஆஸ்பெஸ்டாஸ். மாடியில் எடுக்க மறந்த பக்கெட். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தவளை, மழை வலுத்தால் நின்றுவிடும், குறைந்தால் கத்தும். கதவுக்கு அந்தப் பக்கம் ரோட்டில் யாரோ பெண்கள் நனைந்துகொண்டே சிரித்துப் போகிற சத்தம், யார் என்று தெரியவில்லை. பத்து மதிப்பெண் கேள்விக்கு நான்கு பக்கம் எழுதியிருந்தாள். நேரம் போதாமல் அடுத்த கேள்வியை விட்டிருந்தாள்.